வேலிக்குள் நின்ற வண்டி

கார்லண்ட் மாமா தன் பிக்கப் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. முதலில் நீல வண்டி, பிறகு அதைவிடப் பெரிய சிவப்பு வண்டி. இரண்டுமே இரவு பகலாகக் கடற்படை விமானத் தளத்தின் வேலிக்குள்தான் கிடந்தன. காலையில் அவரோடு வேலை செய்யும் டெல்லா ரேலி தன் ஓட்டைக் காரில் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போவாள், மாலையில் கொண்டுவந்து இறக்குவாள். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து கல்லூரி முடித்த வருடம் வரை இது மாறவில்லை. மதியம் மட்டும் மாமா தன் வண்டியை எடுப்பார். கிடங்கிலிருந்து கேன்டீனுக்கு, கேன்டீனிலிருந்து கிடங்குக்கு. ஒரு முழு ஊரையே இழுக்கக்கூடிய இன்ஜின், ஒரு ரொட்டித் துண்டை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

வெளியூர்க்காரர்கள் இதைச் சிக்கனம் என்று நினைக்கலாம். எங்கள் ஊரான ஹெரான் பாயிண்டில் எல்லோருக்கும் காரணம் தெரியும். தவணை கட்டாதவர்களின் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவது ஆஸி வேத்தனின் தொழில். ஆஸியிடம் பேட்ஜ் கிடையாது, பேட்ஜ் இல்லாதவன் தளத்தின் வாயிலைத் தாண்ட முடியாது. துப்பாக்கி ஏந்திய பையன்கள் வெயிலிலும் பனியிலும் நின்று அந்த வேலியைக் காத்தார்கள். விமானங்களைக் காப்பதாக அவர்களுக்கு நினைப்பு. கார்லண்ட் மாமாவின் தவணை பாக்கியையும் சேர்த்துத்தான் காத்தார்கள்.

ஆஸிக்கு இதில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. வாயிலுக்கு எதிரே சாலையோரம் தன் தூக்கு வண்டியை நிறுத்திக்கொண்டு, ஹாம் வைத்த ரொட்டியைத் தின்றபடி காத்திருப்பான். டெல்லாவின் கார் வெளியே வரும்போது கண்ணாடியை இறக்கிவிட்டுக் கத்துவான்.

"என்ன கார்லண்ட், வண்டி சௌக்கியமா?"

"நல்லா இருக்கு. உன்னைக் கேட்டுச்சு."

"எப்ப வெளிய வரும்?"

"நாட்டுக்கு அதோட தேவை தீரட்டும்."

டெல்லாகூடச் சிரிப்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாமாவும் ஆஸியும் சர்ச் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பான்கேக் தின்பார்கள். சின்ன வயதில் எனக்கும் இது வேடிக்கையாகத்தான் இருந்தது. இதில் வெட்கப்பட ஏதோ இருக்கிறது என்று எப்போது தோன்ற ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். கல்லூரி கற்றுக்கொடுத்த வெட்கமா, இல்லை ஏற்கெனவே உள்ளே இருந்ததா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை.

மாமா கடற்படையில் நான்கு வருடம் இருந்தவர். கப்பலில் சோப்பும் சிகரெட்டும் விற்கும் கடையில் வேலை. அவர் சொல்லக் கேட்டால் அந்தக் கடை இல்லாமல் கடல்களே வற்றிப்போயிருக்கும். ஊருக்குத் திரும்பி, தளத்தின் கிடங்கில் சேர்ந்தார். ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கை இருக்கிறதே, அதன் உதிரி பாகங்களை எண்ணி வைத்து, கேட்பவருக்கு எடுத்துக் கொடுக்கும் வேலை. அந்த வேலைக்குக் கிளியரன்ஸ் வேண்டும். இந்த ஆளை நம்பி ரகசியத்தையும் பொறுப்பையும் ஒப்படைக்கலாம் என்று அரசாங்கம் தருகிற ஒப்புதல் அது. அது இருந்தால் கழுத்தில் பேட்ஜ் தொங்கும். எங்கள் ஊரில் வீடு வாடகைக்குக் கேட்டாலும், பெண் கேட்டாலும், முதலில் கழுத்தைத்தான் பார்ப்பார்கள்.

மாமாவுக்கு அந்த ஒப்புதல் ஒரு பெரிய வசதியாக அமைந்தது. எதைக் கேட்டாலும், "அதைச் சொல்லக் கூடாது" என்பார். எங்கே போயிருந்தீர்கள்? சொல்லக் கூடாது. ஏன் ஆர்லெட் அத்தை கோபித்துக்கொண்டு அவளுடைய அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்? சொல்லக் கூடாது. வருமான வரி கட்டினீர்களா? அதற்கு ஒரு புன்சிரிப்பு, பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சில விஷயங்கள்ல ஆழமாப் போகாதே மார்னி." தேசத்தின் ரகசியங்களை அவர் எப்படிக் காப்பாற்றினாரோ எனக்குத் தெரியாது. தன்னுடைய கடன்களை அவற்றைவிடப் பத்திரமாகக் காப்பாற்றினார்.

வாஷிங்டனில் பெரிய மனிதர்கள் ஒருவரோடொருவர் சண்டை போட்டுக்கொண்டு அரசாங்கத்தையே இழுத்து மூடிய அந்தக் குளிர்காலத்தில், எங்கள் ஊரில் பாதிப் பேருக்குச் சம்பளம் நின்றுபோனது. அப்போது ஊர் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். சம்பளம் வருகிறவர்கள் வராதவர்களுக்குக் கொடுத்தார்கள். எழுத்து இல்லை, வட்டி இல்லை. அரசாங்கம் திறந்ததும் நின்றுபோன சம்பளம் மொத்தமாக வந்துவிடும், அன்றே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதுதான் வழக்கம். முந்தைய தடவைகளிலும் அப்படித்தான் நடந்தது.

அம்மா பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் சமைக்கிறவள். அவளுக்கு மாவட்டம் சம்பளம் தருவதால் நிற்கவில்லை. அவளிடம் நான்காயிரம் டாலர் சேர்ந்திருந்தது. வலது பக்கத்துப் பற்கள் சீழ் பிடித்து, மேலும் கீழும் பிடுங்கியாகிவிட்டது. புதிதாகக் கட்டிக்கொள்வதற்காக, சனிக்கிழமைகளில் மீன் மண்டியில் சிப்பி உடைத்துச் சேர்த்த பணம். பல் மருத்துவரிடம் தேதிகூட வாங்கியிருந்தாள்.

மாமா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஹீட்டருக்கு எண்ணெய் இல்லக்கா. குழாயெல்லாம் உறைஞ்சு வெடிச்சிரும்போல இருக்கு."

"எவ்வளவு வேணும்?"

"உன்கிட்ட எவ்வளவு இருக்கு?"

ஒரு வீட்டுக் குழாய்க்கு எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்று அம்மா கேட்கவில்லை. தம்பி. எல்லாவற்றையும் கொடுத்தாள். மருத்துவமனைக்குப் போன் செய்து தேதியைத் தள்ளிவைத்தாள்.

அரசாங்கம் திறந்தது. நின்றுபோன சம்பளம் வந்தது. டெல்லா அன்று மாலையே வீடு வீடாக ஏறி இறங்கினாள். கொடுத்தவர்களுக்கெல்லாம் பணத்தோடு ஒரு துண்டு தேங்காய் கேக்கும் கொடுத்தாள். மாமா படகுக்குப் புது மோட்டார் வாங்கினார். "முதலீடு" என்றார். கோடையில் வாஷிங்டன்காரர்களை மீன் பிடிக்க அழைத்துக்கொண்டு போவாராம், டாலர் கொட்டுமாம், அதிலிருந்து அக்காவுக்கு வட்டியோடு தருவாராம். படகு அவர் வீட்டு முற்றத்தில் இழுவை வண்டியின் மேல் நின்றது. அதைத் தண்ணீருக்கு இழுத்துக்கொண்டு போகும் சக்தி சிவப்பு வண்டிக்கு மட்டும்தான் இருந்தது. சிவப்பு வண்டி வேலியைவிட்டு வெளியே வர முடியாது. அந்தக் கோடை முழுவதும் மோட்டாரில் குளவி கூடு கட்டியது.

இரண்டு வருடம் இப்படிப் போனது. பிறகு மாமாவின் கிளியரன்ஸ் மறுசோதனைக்கு வந்தது.

அந்தப் படிவத்தை எங்கள் ஊரில் நிரப்பாதவர்கள் குறைவு. கட்டாத கடன் உண்டா, வசூல்காரர்களிடம் போன பாக்கி உண்டா, வரி கட்டாமல் விட்டதுண்டா என்று ஒன்றுவிடாமல் கேட்கும். மாமா எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டார்.

பிறகு விசாரணை அதிகாரி வந்தார். சாம்பல் நிறக் காரும் ஒல்லியான டையும் வைத்திருக்கும் மனிதர். அக்கம்பக்கத்தில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, இவரை நம்பலாமா என்று கேட்பார். அதற்கு எங்கள் ஊரில் ஒரே பதில்தான்: நல்ல மனுஷன், ஒரு குறையும் சொல்ல முடியாது. அடுத்த மாதம் அவர் வேறொரு கதவைத் தட்டி நம்மைப் பற்றிக் கேட்பார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே யாரும் யாரைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. அதற்கு நல்ல அக்கம்பக்கம் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆஸி வேத்தனிடமும் கேட்டிருக்கிறார்.

"நேரம் தவறாத ஆளு சார்," என்றானாம் ஆஸி. "தினம் சாயங்காலம் கேட்ல பாக்கறேன்."

ஆனால் அந்த அதிகாரி ஊர் வாயை மட்டும் நம்பி வந்தவர் இல்லை. மாமாவின் பாக்கிகள் முழுவதும் ஏற்கெனவே அவர் பைக்குள் இருந்தன. அவரோடு நடந்த நேர்காணலை மாமா எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஒரு வீரச் செயலைப்போல விவரித்தார்.

"ஏதாவது சேக்கணுமான்னு கேட்டான். இல்லன்னேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னான். யோசிச்சாச்சுன்னேன். மூணாவது தடவையும் கேட்டான்க்கா. நான் அசையல. அப்பதான் பைக்குள்ள கைய விட்டு எடுத்து முன்னால போட்டான்."

"அப்புறம்?" என்றாள் அம்மா.

"ஓ, அதுவான்னேன்."

"எதுடா அதுவா?"

"எல்லாந்தான். வண்டி, படகு, கிரெடிட் கார்டு, வரி. மறந்துபோச்சுன்னேன்."

"தினம் வண்டிய ஒளிச்சுவெக்க மறக்கலையே?"

"அக்கா, இதெல்லாம் உனக்குப் புரியாது. அவங்ககிட்ட கடன் இருக்குன்னு ஒத்துக்கிட்டா அன்னைக்கே பேட்ஜ் போச்சு."

இது அவருடைய ஆழ்ந்த நம்பிக்கை. அதற்கு நேர் எதிரான சாட்சி தினமும் காலையில் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். டெல்லாவின் புருஷன் சூதாட்டத்தில் வீட்டையே தொலைத்தவன். அவள் திவால் ஆனாள். மறுசோதனைப் படிவத்தில் இடம் போதாமல் தனித் தாள்களை இணைத்து, ஒவ்வொரு பாக்கியையும் எழுதி, எதை எப்படிக் கட்டி வருகிறேன் என்றும் எழுதினாள். பேட்ஜ் இன்னும் அவள் கழுத்தில்தான் இருந்தது.

அரசாங்கத்தின் குற்றச்சாட்டுக் கடிதம் மாமாவுக்கு வந்த வாரம், அவரை எங்கள் வீட்டு முன்னால் இறக்கிவிட்டு டெல்லா ஜன்னல் வழியாக என்னிடம் சொன்னாள்.

"ரெண்டு பகுதியா அனுப்பியிருக்காங்க மார்னி. ஒண்ணு கடன். இன்னொண்ணு பொய். கடன் பகுதிய உங்க மாமா சமாளிச்சிரலாம். கடன்காரன்னா பயப்படற அரசாங்கமா இது? உலகத்துல அதைவிடப் பெரிய கடன்காரன் யாரு?"

"அப்ப எதுக்குப் பயப்படறாங்க?"

"மறைக்கிறவனுக்கு. ஒருத்தன் வந்து, உன் பாக்கிய நான் அடைக்கிறேன், இல்லன்னா உன் மேலதிகாரிகிட்டச் சொல்லிருவேன்னு சொன்னா, மறைக்கிறவன் என்ன வேணா எடுத்துக் குடுப்பான். எங்கிட்ட வந்து மிரட்டினா, போய்ச் சொல்லிக்கோன்னுருவேன். என் கடன் ஊருக்கே தெரியும்." மாமா போன திசையைப் பார்த்தாள். "உம் மாமா இப்ப போயி உண்மையச் சொன்னாக்கூடத் தப்பிக்கலாம். ஆனா அந்தாளுக்கு அது வராது. சிலருக்கு நீச்சல் வராத மாதிரி."

குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கினவள் நான் என்பதால் எழுதுகிற வேலையெல்லாம் என்னிடம்தான் வரும். மாமா கடிதத்தோடு வந்தார். பதிலை நான் எழுத வேண்டும், கடைசியில் ஒரு நீதிபதி முன்னால் விசாரணை இருக்கும், அதற்கும் நான் தயார் செய்ய வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லை. "நீதான் காலேஜ்காரியாச்சே," என்றார்.

எனக்கும் கடன் இருக்கிறது. கல்லூரிக் கடன். மாதம் பிறந்தால் கட்டுகிறேன், தலைமுடி நரைக்கும்வரை கட்டுவேன். முதல் வருடம் என்னையும் என் பெட்டிகளையும் விடுதிக்குக் கொண்டுபோய் விட்டது, ஆஸி ஊரில் இல்லாத ஒரு நாள் வேலிக்கு வெளியே வந்த, தவணை கட்டாத அந்த நீல வண்டிதான். அன்றைக்கு வழிநெடுக ஜன்னலைத் திறந்துவைத்துப் பாடிக்கொண்டே வந்தேன். ஆகவே அவரைப் பற்றி நான் கொள்ளும் இகழ்ச்சியில் எவ்வளவு எனக்குச் சொந்தம் என்று கேட்டுக்கொண்டேதான் உட்கார்ந்தேன். உண்மையை எழுதினேன். இவ்வளவு பாக்கி, பயத்தில் மறைத்தேன், தவறு, மாதம் இவ்வளவு கட்ட ஏற்பாடு செய்திருக்கிறேன், படகை விற்கிறேன்.

மாமா படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது என்ன, பாவசங்கீர்த்தனமா? ஃபாதர்கிட்டகூட நான் இவ்வளவு சொன்னதில்ல."

"இதுதானே மாமா உண்மை?"

"உண்மை சரி. ஒரு நெஞ்ச உருக்கற மாதிரி எதுவும் இல்லையே. படிக்கிறவன் அழணும்மா."

படகை விற்கிறேன் என்ற வரியைத்தான் முதலில் அடித்தார்.

அந்த ஞாயிறு எங்கள் வீட்டு முற்றத்தில் நண்டு. மேஜைமேல் செய்தித்தாளை விரித்து, மசாலா தூவி வேகவைத்த நண்டைக் குவித்திருந்தோம். சோளமும் இருந்தது. மாமா கதிரை இரண்டு கையாலும் பிடித்து, ரம்பம் ஓடுகிற மாதிரி கடித்துத் தின்றார். அம்மா தன் கதிரைத் தட்டில் நிறுத்தி, கத்தியால் மணிகளைச் சீவி எடுத்து, இடது பக்கமாக மென்றாள். எத்தனையோ கோடைகளாக அவள் சோளம் தின்பது அப்படித்தான். மாமா மெல்லுவதை நிறுத்தினார். அவள் வாயைப் பார்த்தார். அவர் தன் அக்காவின் வாயைக் கவனித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவருக்குள் ஏதோ கசிகிறது என்றுகூட ஒரு கணம் நம்பினேன்.

"அக்கா," என்றார் மெதுவாக. "உன் பல்லு!"

"என்ன அதுக்கு?"

"அதுக்காகத்தான் கடன்பட்டேன்னு சொல்லப்போறேன். அக்காவோட வைத்தியச் செலவு. எந்த நீதிபதி தட்டுவான்?"

நான் எழுந்துவிட்டேன். "மாமா, அது அவங்க பணம்!"

"குடும்பப் பணம்மா. எந்தப் பக்கத்துலேருந்து எந்தப் பக்கம் போச்சுன்னு எவன் பாக்கப்போறான்? அக்கா சாட்சி சொன்னாப் போதும்."

அம்மா மீதிச் சோளத்தைச் சீவிக்கொண்டிருந்தாள். மாமா போன பிறகு என்னிடம் சொன்னாள்.

"நான் போய்ச் சொல்லத்தான் போறேன். நீ முகத்தத் தூக்கிவெச்சுக்காத."

"பொய்ம்மா. சத்தியம் வாங்குவாங்க."

"அவன் வேலை போனா எம் பல்லும் போச்சு. இருந்தா மாசாமாசம் குடுத்துர்றேன்னு மாதா மேல சத்தியம் பண்ணியிருக்கான். நீ வாங்கித் தருவியா, சொல்லு? உங்கிட்டப் பட்டம் இருக்கு. எங்கிட்ட இருக்கறது ஒரு பக்கத்துப் பல்லுதான்."

அந்தப் பொய்யை எழுத மறுத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அதை மாமா தானே எழுதி அனுப்பினார்.

விசாரணை, இரண்டு மணிநேரத் தூரத்தில், வாடகைக் கட்டடம் ஒன்றின் ஆறாவது மாடியில் நடந்தது. சினிமாவில் வருவது போலெல்லாம் இல்லை. நீள மேஜை, ஒரு கொடி, தண்ணீர்க் குடுவை. நீதிபதி களைத்த முகமுள்ள மனிதர். அரசுத் தரப்பில் என் வயதுப் பெண் வக்கீல். ஓரத்தில், பேசுவதை எல்லாம் தட்டி எடுக்கும் பதிவாளர் அம்மாள். மாமா கல்யாண கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அம்மாவை நான் ஓட்டிக்கொண்டு போனேன். அவள் பூசைக்குப் போடும் நீல உடையில் இருந்தாள்.

மாமா நன்றாகத்தான் பேசினார். தனக்கு ஒரே அக்கா, அவளுக்கு வந்த கொடிய நோய், தாடையையே தின்றுவிடும்போல இருந்தது, தவணையைப் பார்ப்பதா, அக்காவைப் பார்ப்பதா? வண்டித் தவணையும் வரியும் நின்றுபோனது அதனால்தான். குடும்பத்தின் மானம் கருதித்தான் படிவத்தில் சொல்லவில்லை. ஓர் இடத்தில் குரல்கூட உடைந்தது. அடுத்தவள் வலியை இவ்வளவு தத்ரூபமாக நடிக்கத் தெரிந்தவருக்கு, அதை ஒருநாளாவது பக்கத்திலிருந்து பார்க்கத் தெரியவில்லை.

அம்மாவைக் கூப்பிட்டார்கள். வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தாள். உட்கார்ந்ததும் அந்தக் கை தானாக வாய்க்குப் போனது. வெளியாட்கள் முன்னால் பேசும்போது எப்போதும் அப்படித்தான், விரல்களால் வாயை மூடிக்கொண்டு பேசுவாள்.

"உங்கள் பல் சிகிச்சைக்கு உங்கள் தம்பி பணம் கொடுத்தாரா, மேடம்?" என்று பெண் வக்கீல் கேட்டாள்.

அம்மா கைக்குப் பின்னாலிருந்து ஏதோ சொன்னாள்.

பதிவாளர் தட்டுவதை நிறுத்தினாள். "மன்னிக்கணும்மா, கொஞ்சம் கைய இறக்கிட்டுப் பேசறீங்களா? வார்த்தை எனக்குக் கேக்கல."

அம்மா நீதிபதியைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தாள்.

"அவன் ரொம்ப உதவி," என்று ஆரம்பித்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலது பக்கம் மேலும் கீழும் வெறும் ஈறு.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். மிக மரியாதையாகக் கேட்டார். "சிகிச்சை முடிந்துவிட்டதா, மேடம்?"

"இன்னும் ஆரம்பிக்கலீங்க."

"எதனால்?"

அம்மா மடியிலிருந்த கையைப் பார்த்தாள். மாமா எழுந்தார். வக்கீல் இல்லாததால் சாட்சியைக் கேள்வி கேட்கும் உரிமை அவருக்கே இருந்தது. அந்த உரிமையைப் பயன்படுத்தினார்.

"அக்கா, அது கொஞ்சம் தள்ளிப்போச்சுன்னு சொல்லேன்."

அம்மா அவர் பக்கம் திரும்பினாள். எங்கள் சமையலறையில் பேசுகிற அதே குரலில் பேசினாள்.

"எதனால தள்ளிப்போச்சுன்னு நீயே சொல்லிரு கார்லண்ட். ஹீட்டர் எண்ணெயா, படகு மோட்டாரா? சத்தியம் பண்ணிட்டு உக்காந்திருக்கேன்டா."

பதிவாளர் எல்லாவற்றையும் தட்டினாள்.

திரும்பி வரும் வழியில் அம்மா ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தாள். "சொல்லத்தான் போனேன் மார்னி. கைய எடுத்ததும் வரல." என்னைவிடப் படித்த யாரும் அதைவிடத் தெளிவாக அதை விளக்கியிருக்க முடியாது என்று நினைத்தேன். உடனே, எதைப் பார்த்தாலும் படிப்போடு ஒப்பிடுகிற என் புத்தியின் மேலும் எரிச்சல் வந்தது.

தீர்ப்பு குளிர்காலம் தொடங்கும்போது வந்தது. கடன்களைப் பற்றி நீதிபதி கொஞ்சம் தயவாகவே எழுதியிருந்தார். சம்பளம் நின்றது இவர் தவறல்ல, வந்த பிறகு கட்ட முயன்றிருந்தால் மன்னித்திருக்கலாம் என்று. மறைத்ததைப் பற்றி எழுதிய இடத்தில் தயவு இல்லை. படிவத்தில் ஒரு தடவை, அதிகாரியிடம் மூன்று தடவை, தன் முன்னால் சத்தியத்தின் மேல் இன்னொரு தடவை. இவர் சொல்வதை நம்பி அரசாங்கம் எதையும் ஒப்படைக்க முடியாது. முடிந்தது. மாமா அதை முழுக்கப் படித்துவிட்டு, "உங்கம்மா கைய எடுக்காம இருந்திருந்தா," என்று என்னிடம் சொன்னார்.

பேட்ஜைத் திருப்பிக் கொடுத்த அன்று, வண்டியையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். பேட்ஜ் இல்லாதவனின் வண்டிக்கு வேலிக்குள் இடமில்லை. அந்த மாலை நான் டெல்லாவின் காரில் இருந்தேன், அம்மாவின் மருந்தை வாங்க அவளோடு போயிருந்தேன். வாயிலுக்கு எதிரே ஆஸியின் தூக்கு வண்டி. சிவப்பு வண்டி மெதுவாக வெளியே வந்தது. நாங்கள் வேலி வழியாகவே பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன அந்த வண்டியில் பச்சைப் பாசிகூடப் பிடிக்க ஆரம்பித்திருந்தது. மாமா சாலையைத் தாண்டி, ஆஸியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இறங்கிச் சாவியை நீட்டினார்.

"எண்ணெய் மாத்தணும்," என்றார்.

"பாத்துக்கறேன்," என்றான் ஆஸி. ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தான். மாமா வாங்கிக்கொண்டார். டெல்லா காரை ஊர்ந்து போகவிட்டாள், நிறுத்தவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் படகை இரவோடு இரவாக யாருக்கோ விற்றுவிட்டு, மாமா தெற்கே ஃபுளோரிடாவுக்குப் போனார். அங்கே ஒரு மெரினாவில் பெட்ரோல் போடுகிறாராம். பேட்ஜ் தேவையில்லாத வேலை. அவ்வப்போது போன் செய்வார். அங்கே வெயில் எப்படி, மீன் எப்படி, புதிதாக ஒரு வண்டி பார்த்துவைத்திருப்பது என்ன நிறம் எல்லாம் சொல்வார். படகு எவ்வளவுக்குப் போனது என்று அம்மா ஒருமுறை கேட்டாள். அதைச் சொல்லக் கூடாது என்றார். பழக்கம்.

அம்மா இப்போது பேசும்போது வாயை மூடிக்கொள்வதில்லை. கடையிலும் சர்ச்சிலும் கை கீழேதான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பல் எங்கே என்று குழந்தைகள் கேட்டால், "என் தம்பி வெச்சிருக்கான்," என்கிறாள்.

போன வாரம் பல் மருத்துவமனையிலிருந்து வருடா வருடம் கூப்பிடும் அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். பழைய தேதி இன்னும் கணக்கில் தொங்குகிறது, எடுத்துவிடலாமா என்று கேட்டாள். அம்மா அடுப்பில் சோளத்தைக் கிளறிக்கொண்டே, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சொன்னாள்:

"எடுக்காதம்மா. தள்ளி வை."